சாமி கொடுத்த உத்தரவு

கண்ணை முழுசாக மூட முடியவில்லை. செதுக்கியவன் பாதிதான் மூடிவிட்டுப் போயிருந்தான்.

மீதிப் பாதியில் ஆடு தெரிந்தது.

கறுப்புக் கிடா. கழுத்தில் போட்ட மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது.

ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தபோது அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஏர் தட்டி வெளியே எடுத்தார்கள். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து மீசை வரைந்தார்கள். வாயில் சுருட்டைச் செருகினார்கள். முனியப்பன் என்றார்கள். அன்றிலிருந்து ரத்தமும் ஈயும்தான்.

போன மாதம்கூட ஓர் அதிகாரி அளவு நாடாவோடு வந்து சொல்லிப் பார்த்தார், இது புத்தர் சிலை என்று.

“இருக்கட்டும் சார்,” என்றார் பூசாரி நல்லண்ணன். “அவருக்கு மட்டும் பசிக்காதா?”

கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால், அதாவது துளுக்கினால், வெட்டச் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. மூன்று குடத்துக்கும் உதறாவிட்டால் அவிழ்த்து விட்டுவிட வேண்டும். ஊர் வழக்கம்.

முதல் குடம். கிடா மாலையை மென்றது.

இரண்டாம் குடம். ஏப்பம் விட்டது.

கல்லுக்குள் எங்கோ அவருக்குச் சின்னதாய் ஓர் ஆசை எழுந்தது. ஆசையை விடச் சொன்னவர்தான். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் குடமும் கவிழ்ந்தது.

கிடா அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து நல்லண்ணன் சாராயத்தை வாய் நிறைய வாங்கி, கொப்பளித்து, அவர் முகத்தில் உமிழ்ந்தார். கன்னத்தில் காய்ந்து கிடந்த போன வருஷத்து ரத்தம் அதில் கரைந்தது. மெதுவாக உதட்டுக்கு இறங்கியது.

குமட்டியது.

சுருள் முடியிலிருந்து மடித்த கால் வரை, கல் முழுக்க ஒரு தடவை உதறியது. சுருட்டு தெறித்து விழுந்தது.

ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“கெடா என்னடா கெடா!” நல்லண்ணன் கத்தினார். “சாமியே துளுக்கிருச்சு! போடுடா வெட்டு!”

பாதிக் கண்ணால் அவர் முழுசாகப் பார்த்தார்.

அடுத்த ஆடிக்கு நாற்பது கிடா. எட்டு ஊர்ச் சனம்.

முதல் கிடாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

நல்லண்ணன், கன்னம் இரண்டும் உப்ப, கிட்டே வந்தார்.