காரமில்லாத திட்டு

அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட சேவலைத் தின்றது புஷ்பமேரிதான்.

மசக்கை. மாமியார் நல்லம்பள்ளி சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சேவல் அடுப்படி வரைக்கும் வந்து நின்றது. அவ்வளவுதான். ரெக்கையெல்லாம் எருக்குழியில் புதைத்தாயிற்று. முழுகாமல் இருப்பதையே வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாதவள், சேவல் விஷயத்தையா சொல்வாள்?

மறுநாள் விடிந்ததும் மாமியார் மிக்கேலம்மாள் தெருவில் இறங்கி ஒரு கை மண்ணை வாரினாள்.

திருட்டுப் போனால் மண்ணை வாரித் தூற்றித் திட்டுவது அந்த ஊர் வழக்கம். அதுவும் மிக்கேலம்மாள் வாய், பஞ்சாயத்து ரேடியோவையே அடக்கிவிடும். போன வருசம் இவள் வீட்டுப் பூசணிக்காயைத் திருடியவனுக்கு வாய் கோணிப்போனது என்று ஊரே சொல்லும்.

புஷ்பமேரி கதவுக்குப் பின்னால் நின்று வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். 'மாதாவே, புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது.'

"எஞ் சேவலைத் தின்ன கன்னம் உப்ப! தின்ன வவுறு பானையாட்டம் பெருக்க! ராத்தூக்கம் கெட! மடியில மூத்திரம் ஒழுக!"

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ராயம்மாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"என்னக்கா இது, மொளகா போடாத கொழம்பாட்டம்? கை வெளங்காது, கால் வெளங்காதுன்னு ஒண்ணையும் காணோம்?"

"உனக்கு வேணுமா? நில்லு, உன்னைத் திட்டறேன்!"

ராயம்மாள் ஓடியே போனாள்.

மிக்கேலம்மாள் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, ரெக்கைய ஆழமாப் பொதைக்கத் தெரியாதா? நாய் வாசலுக்கு இழுத்தாந்துட்டுது. நாந்தான் அடுப்புல போட்டேன்."

புஷ்பமேரி வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப... எதுக்குங்க அத்தை திட்டுனீங்க?"

"நான் திட்டாம இருந்தா, திருட்டு நம்ம வூட்டுக்குள்ளதான்னு தெருவுக்கே தெரிஞ்சிடாதா?"

"அந்தோணியாருக்கு நேந்துவுட்டதாச்சே..."

"அவரே கையில புள்ளைய வெச்சுக்கிட்டு நிக்கறவரு. மசக்கைன்னா அவருக்குத் தெரியாதா?"

புஷ்பமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் பேரப்புள்ள கை காலுல படாமத் திட்டறதுக்குள்ள தொண்டையே வத்திப்போச்சு. கொழம்பு கொஞ்சம் மிச்சம் இருக்காடி?"