ஏணி எடு பாய்!

"இப்பல்லாம் எவன்பா சாமானை மட்டும் விக்கறான்? கூடவே ஒரு கதையையும் சேத்து விக்கறான். சோப்புல வேப்பிலைன்றான், சீப்புல வேப்பிலைன்றான். இப்ப துணியில கடுக்காயாம்! ஜனங்களும் வாயப் பொளந்துக்கினு வாங்குதுங்க."

கொளஞ்சியப்பன் கடை வாசலில் நின்றே இதைச் சொன்னார். தெருவுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஹயாத் பாஷாவின் ஜவுளிக்கடை அது. 'மூலிகைச் சாயத் துணிகள் – கிருமி அண்டாது' என்று புதிதாக ஒரு தகரப் போர்டு தொங்கியது. பழைய தகரம். முன்பக்கம் மட்டும் பெயின்ட்; பின்பக்கம் முழுக்கத் துரு.

"உள்ள வாங்கண்ணே. கால் எப்படி கீது?" என்றார் பாஷா.

"கால் கீது. வெரல்தான் இருக்குமான்னு தெரில."

மூங்கில்துறைப்பட்டில் சொந்தக் கரும்பை வெட்டும்போது கட்டை குத்திய காயம். வலது கால் கட்டைவிரலில் சீழ் நிற்கவே இல்லை. அடுத்த முறை வரும்போதும் சீழ் இருந்தால் விரலை எடுத்துவிடுவேன் என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். கட்டைவிரல் இல்லாமல் சேற்று வரப்பில் எப்படிக் காலூன்றுவது?

"ஆயுசு முழுக்க கரும்பு போட்டாரு பாய். சக்கரை எங்க போவும்? இவரு ஒடம்புலயே தங்கிடுச்சி," என்றாள் மனைவி அமிர்தம். "ஆஸ்பத்திரிக் கட்டு மேல சுத்தறதுக்கு உங்க துணி ஒண்ணு குடுங்க. கழனி அழுக்கு படாம இருக்கட்டும்."

பாஷா ஒரு துணியை எடுத்துப் பிரித்தார். வெளுத்தும் வெளுக்காத நிறம்.

"கல்வராயன் மலைக் கடுக்காய அரைச்சி, அந்தத் தண்ணியில ஊறப்போட்டது. இது காயத்த ஆத்தாதுண்ணே, மாத்திரை ஊசிய வுட்றாதீங்க. துணியில கிருமி பெருகறது கம்மியாவும், அவ்ளோதான்."

"இதுல கடுக்காய் கீதுன்னு எவன் கண்டான்? என் பழைய வேட்டியும் இதே நிறந்தான்."

பாஷா துணியின் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து, துருப்பிடித்த கடைப்பூட்டின் மேல் அழுத்தினார். எடுத்தபோது மையைத் தொட்டதுபோல் கறுத்திருந்தது.

"பாத்தீங்களா? கடுக்காய் ஏறின துணியில துரு பட்டா கறுத்துடும். வெறுந்துணின்னா செம்மண் நிறத்துலதான் கறை புடிக்கும்."

"திருவிழாவுல வித்தை காட்டறவன் இதவுட நல்லா செய்வான்."

"சரி, காசே வேணாம். சும்மா எடுத்துக்கினு போங்க."

"சும்மா குடுக்கறவன நம்பவே கூடாது. நான் என் வேட்டியக் கிழிச்சிக் கட்டிக்கறேன். வெரல் தப்பிச்சிதுன்னா இந்த போர்டை நீ கழட்டிடணும். சரியா?"

"அல்லா புண்ணியத்துல வெரல் தப்பட்டும்ணே. கழட்டிடறேன்."

கொளஞ்சியப்பன் நொண்டிக்கொண்டே தெருவில் இறங்கினார். வெயில் சுட்டது. அமிர்தம் வரக் காணோம். நெடுநேரம் கழித்துப் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகியபடி வந்தாள்.

"இன்னா பண்ணே இவ்ளோ நேரம்?"

"செருப்பத் தேடினேன்."

"செருப்பத் தேட இவ்ளோ நேரமா? நம்ம ரெண்டு பேரத் தவுர கடையில எவன் இருந்தான்?"

அமிர்தம் முந்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். வீடு போனதும் அவளே துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். தினமும் துவைத்துக் காயவைத்தாள். நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்தாள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த கொளஞ்சியப்பன், கடைக்கு நாலு கடை தள்ளி வரும்போதே குரல் கொடுத்தார்.

"பாய்! ஏணி எடு!"

மழை பெய்து விட்டிருந்தது. தேங்கிய தண்ணீரில் அவர் காலை ஊன்றி, ஊன்றி வந்தார். புண் ஆறியும் மேல்கட்டை அவர் அவிழ்க்கவில்லை. பாஷாவுக்குக் காட்ட வேண்டாமா?

"சீழ் சுத்தமா நின்னுடுச்சி. வெரலுக்குப் பயமில்லன்னுட்டாரு டாக்டரு. மாத்திரை பாதி, என் வேட்டி பாதி. இதுல உன் கடுக்காய்க்கு இன்னா வேல? கழட்டு போர்டை!"

பாஷா உடனே எழுந்து வந்தார். முக்காலியில் ஏறினார், கம்பியை அவிழ்த்தார், போர்டை இறக்கி அவர் கையில் கொடுத்தார்.

சண்டைக்குத் தயாராக வந்த கொளஞ்சியப்பனுக்கு இது சப்பென்று போய்விட்டது. போர்டைத் தரையில் ஊன்றி, பாதத்தோடு சாய்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்களையும் நிறுத்திப் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. சாயமாவது, கிருமியாவது! இது என் வேட்டி. வெறும் வேட்டி!"

பேசி முடித்துப் போர்டை எடுத்து ஓரமாகச் சாய்த்தார். அதன் துருப்பிடித்த பின்பக்கம் உரசிய இடத்தில், ஈரமாயிருந்த கால்கட்டு மை போலக் கறுத்திருந்தது.

பாஷா அமிர்தத்தைப் பார்த்தார். அமிர்தம் சட்டென்று குனிந்து, காலில் போட்டிருந்த செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

கொளஞ்சியப்பன் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"பாத்தியா பாய், இந்தக் காலத்துல துருவுல கூட கலப்படம்!" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலை அழுத்தி ஊன்றி பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்.