முறைக்கிற பூசணிக்காய்

வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் நான். பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும் வரைந்து வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் எதுவும் கிட்டே வராது என்று ஊர் நம்பியதோ இல்லையோ, நான் நம்பினேன்.

சித்திரையில் ஒரு மாலை, வானம் சட்டென்று இருண்டது. இடியோடு சூறைக்காற்று கிளம்பியது. எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டிகள் விழுந்தன.

"அண்ணே, முறைங்க!" என்று அலறியது, என் பின்னால் சுவரில் குடியிருக்கும் பல்லி.

"முறைச்சுக்கிட்டுதானே இருக்கேன்!"

முதல் கட்டி நெற்றியில் பட்டதும் என் வீரம் முடிந்தது. காற்று கயிற்றை முறுக்கியதுதான் சாக்கு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணே, நசுங்குறேன்!"

நான் அசையவில்லை.

மழை விட்டதும் வீட்டுக்கார மரகதம்மா வெளியே வந்தார். மாடிக் கொட்டகையின் தகரக் கூரை தெருவில் கிடந்தது. என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"முகம் சுவத்துப் பக்கம் திரும்பிடுச்சே! அதான் கூரை போச்சு."

மறுநாளே என் முதுகிலும் ஒரு முகம் வரைந்தார், பெரிய மீசையோடு.

"இனி எப்படி ஒளிவீங்க அண்ணே?" என்றது பல்லி. அதற்கு இப்போது வால் இல்லை.

"இனிமேதான்டா வசதி. ஒளிஞ்சாலும் முறைக்கிற மாதிரியே தெரியும்."