தாழ்ந்த ஜன்னல்

குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. ஒரு கட்டில். அதன் மேல் அவருடைய பெட்டி.

அவர் முதலில் பெட்டியைக் கவனிக்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார். ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஓவர்சியர் வேறு எதைப் பார்ப்பார்?

இந்தக் கல் கட்டடத்தைப் பற்றித்தான் ஃபோனில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஓயாத பேச்சு. வேல்ஸில் ஒரு பழைய பிரபு மாளிகையைக் கூறுபோட்டு விற்றார்கள். மகன் வாங்கிய பங்கில், வீட்டைவிட்டுத் தள்ளி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இது நின்றது. எதற்காகக் கட்டினார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கோழிக்கூடு என்றார்கள். வேட்டைக் கறி தொங்கவிட்ட இடம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மகன் ஃபோட்டோ அனுப்பினான். தென்காசியில் அவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார். மனைவி போன பிறகு இவ்வளவு சுவாரசியமாக எதுவும் வாய்த்ததில்லை.

"அடுப்பு இல்ல. ஜன்னல் முழங்காலுக்குக் கிட்ட கெடக்கு. என்னத்துக்குக் கெட்டுனானோ தெரியல. மனுசன் இருக்கதுக்குக் கெட்டல, அது மட்டும் உறுதி."

அன்று மகன் சிரித்தான்.

இப்போது சிரிக்கவில்லை.

"ஹீட்டர் போட்டிருக்கேன்ப்பா. தனியா, நிம்மதியா இருக்கலாம். சாப்பாடு இங்கயே வந்துரும்."

அவர் சுவரைத் தொட்டார். விரலில் ஈரம் ஒட்டியது.

தென்காசி வீட்டை விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார்.

மகன் வீட்டுக்குள் போனான். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். குள்ளமான கட்டில். முகம் தானாக ஜன்னலுக்கு நேரே வந்தது.

அதிலிருந்து வீடு தெரியவில்லை. வெளி கேட் மட்டும் தெரிந்தது. முழுசாகத் தெரிந்தது.

அவமானமாக இருந்தது. அழுகை வரவில்லை.

மகன் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வர வேண்டுமென்றால் குனிய வேண்டுமே.

"பகல்ல நானும் உங்க மருமகளும் வேலைக்குப் போயிருவோம்ப்பா. கேட்ல யாராச்சும் வந்தா மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். கணக்குக்கு விடை கிடைத்ததும் முகத்தில் வருகிற வெளிச்சம், பழக்க தோஷம், ஒரு கணம் வந்தே விட்டது.

"ஏல, கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். "கோழிக்கும் இல்ல, கறிக்கும் இல்ல. நாய்க்குத்தான் கெட்டியிருக்கான்."

தட்டை எங்கே வைப்பது என்று மகனுக்குத் தெரியவில்லை.