ஜாடிக்குள் போன கை

"எக்கா, உன் ஜாடி போச்சுக்கா! பெரிய வீட்டம்மா வந்து கையை விட்டுட்டுப் போயிட்டாங்க!"

உளுந்து பறித்துவிட்டு வீடு திரும்பிய அம்சவல்லியை வாசலிலேயே மறித்துச் சொன்னாள் பக்கத்துக் குடிசைக் கண்ணாத்தாள்.

"யாரு, அகிலாண்டத்தம்மாவா? நம்ம தெருவுக்கா?"

"அவங்களேதான். நான் தண்ணி எடுத்துக்கிட்டு தூரத்துல வர்றேன். ஜாடி வாய்த் துணியை அவுத்து, மடியிலேருந்து என்னமோ அள்ளிப் போட்டுக் குலுக்கி, மறுபடி கட்டிட்டு விறுவிறுன்னு போயிட்டாங்க. மண்ணோ மட்டையோ, யாரு கண்டா!"

அம்சவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? பெரிய வீட்டோடு ஏற்கெனவே கூலித் தகராறு. அது போதாதென்று, சர்க்கார் குடிசைகளுக்கு மனைப் பட்டா கொடுத்தபோது, தாசில்தார் ஆட்கள் அளந்து கல் நட்டதில் அகிலாண்டத்தின் புருஷன் பஞ்சநதத்தின் நார்த்தை மரம் அம்சவல்லி பக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கும் இந்தத் தெருவுக்கும் பேச்சே கிடையாது.

அந்த மரத்துக் காயைத்தான் சுருள் சுருளாக நறுக்கி உப்பில் ஊறப் போட்டு வெயிலில் வைத்திருந்தாள். யூனியன் ஆபீஸ் ஊறுகாய் வகுப்பில் கொடுத்த பீங்கான் ஜாடி. அவள் போட்ட முதல் ஊறுகாய். அடுத்த வாரம் டீச்சர் வந்து ருசி பார்ப்பார். தேறினால் திருவாரூர்த் தேர்த் திருவிழாக் கடைக்கு விற்பனைக்குப் போகும். கெட்டிருந்தால் ஜாடியே வேறு ஆளிடம் போய்விடும்.

"மரம் போன வயித்தெரிச்சல்! என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்களே!"

ஜாடியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"எங்கக்கா போறே?"

"கேக்கத்தான். அந்த வாசல்ல நின்னு கேள்வி கேக்கப் பயந்த காலமெல்லாம் மலையேறிப் போச்சுடி."

போனாள். நின்றாள். குரல் கொடுத்தாள்.

"அம்மா! வெளியே வாங்க! எங்க வீட்டு ஜாடியில உங்க கைக்கு என்ன வேலை?"

அகிலாண்டம் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "மெதுவாப் பேசு. அவர் சாப்பிடுறார். உங்க தெருவுக்கு நான் வந்தது தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவார்."

"தெரியட்டும்! ஒரு மரம் போனதுக்கு இப்படியா வஞ்சம் வைப்பீங்க?"

"வயித்தெரிச்சல் இல்லேன்னு சொல்ல மாட்டேன். நான் கன்னு வச்சுத் தண்ணி ஊத்தி வளத்த மரம். மனசு கேக்கல, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். பக்கத்துல போறப்பவே உன் ஜாடி புளிச்ச வாடை அடிக்குது. உப்பு எவ்வளவு போட்டே?"

அம்சவல்லி ஜாடியை இடுப்பிலிருந்து இறக்கினாள். "டீச்சர் சொன்னதுல பாதி. ரொம்பக் கரிக்குமேன்னு..."

"கெட்டுது போ! ரெண்டு நாள் போனா பூசணம் பூத்திருக்கும். நான் வளத்த மரத்துக் காய் குப்பைக்கா போகணும்? வீட்டுக்கு ஓடி வந்து உப்பை அள்ளிட்டுப் போய்ப் போட்டேன்."

அம்சவல்லி துணியை அவிழ்த்து ஒரு சுருளைக் கிள்ளி வாயில் போட்டாள். மண்ணும் இல்லை, மட்டையும் இல்லை. சுள்ளென்று உப்புதான். கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடுவாளா அவள்?

"அதுக்கு ஏம்மா இந்தத் திருட்டுத்தனம்? உப்பை எங்கிட்டக் குடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே?"

அகிலாண்டம் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உப்பைக் கையில குடுத்தா ரெண்டு வீட்டுக்கும் சண்டை வரும்பாங்க. இருக்கிற சண்டை போதாதா நமக்கு?"