மட்டை எட்டாத இடம்

“என்னமோ கேக்கணும்னு வந்திருக்கே. இப்பக் கேக்காதே. முதல்ல இந்த மெஷின்ல என்னை ஜெயிச்சுக் காட்டு, அப்புறம் கேளு.”

“ஜெயிச்சா, என்ன கேட்டாலும் சரின்னு சொல்வீங்களா சார்?”

“சொல்வேன். ஜெயிச்சாத்தானே.”

இந்தப் பேச்சு நடந்து மாதக்கணக்காகிவிட்டது. ரேடியோ மெக்கானிக் இன்னும் ஜெயித்தபாடில்லை.

ஆட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுயர மரப்பெட்டி, அதில் ஒரு கறுப்புத் திரை. இரண்டு ஓரத்திலும் மட்டை என்று சொல்லப்படும் வெள்ளைக் கோடுகள், நடுவே பந்து என்று சொல்லப்படும் ஒரு வெள்ளைப் புள்ளி. குமிழைத் திருகினால் கோடு மேலும் கீழும் நகரும். இதுதான் டேபிள் டென்னிஸாம். முதலில் பதினொரு பாயிண்ட் எடுப்பவருக்கு வெற்றி.

விளையாட்டுக் கூடத்தின் முதலாளி அதை வாங்கிப் போட்ட நாளிலிருந்து தோற்றதே இல்லை. மனைவி இறந்த பிறகு அவருக்கு இருந்த துணை, கல்லாவில் உட்காரும் ஒரே மகளும் இந்தப் பெட்டியும்தான். மெக்கானிக் எதைக் கேட்க வந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியாதா?

டொக். டொக். பந்து திரையின் மேல் ஓரத்தை உரசிக்கொண்டு வந்தது. மெக்கானிக் குமிழை முறுக்கிப் பார்த்தான். மட்டை அதற்கு மேல் ஏறவில்லை. பந்து அவனைக் கடந்து போயிற்று.

“பதினொண்ணு” என்றார் முதலாளி.

“சார், இது அநியாயம். மேல ரெண்டு விரல் அளவுக்கு மட்டையே எட்டாது. அது மெஷின் கோளாறு.”

“கோளாறு ரெண்டு பேருக்கும் பொதுதானே. நீயும் அங்க அடி.”

“அடிச்சாப் போகமாட்டேங்குதே. கழட்டிச் சரிபண்ணித் தரேன், ஒரு மணி நேரம் குடுங்க.”

“ஸ்க்ரூ டிரைவரோட அது கிட்ட வந்தே, கையை ஒடிச்சிடுவேன்.”

மெக்கானிக் கல்லாப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்தான். எந்த ரேடியோவையும் பேச வைக்கிற கை, இந்தக் குமிழிடம் மட்டும் தோற்றது.

“என்னால முடியாது. நீயே சொல்லிடு” என்றான் மகளிடம், தாழ்ந்த குரலில்.

“நான் சொன்னா, வேண்டாம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு. வாக்குக் குடுத்திருக்கிறது உனக்குத்தான்.” அவள் பல்லைக் கடித்தாள். “மட்டையோட நுனியில வாங்கு, பந்து தானா மேல போகும்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். நீ நடுவுலயே வாங்கறே. இப்படித் தோத்துக்கிட்டே இருந்தா நமக்கு எப்பதான் விடியும்?”

“அங்க என்ன குசுகுசு?” முதலாளியின் குரல் வந்தது. அந்த ‘நமக்கு’ அவர் காதிலும் விழுந்திருந்தது.

அடுத்த ஆட்டத்தை அவர் வெறியோடு ஆடினார். ஆடிக்கொண்டே முணுமுணுத்தார். “எல்லாருக்கும் கேக்கறது சுலபம். அவ போயிட்டா, சாயங்காலம் கடையைச் சாத்திட்டு நான் யாரோட பேசறது? பில்லியர்ட்ஸ் பந்தோடயா?”

மெக்கானிக் நுனியில் வாங்கினான். சில பந்துகள் மேலே போயின, சில அவன் மட்டையையே ஏமாற்றிவிட்டுப் போயின. எப்படியோ பத்துக்குப் பத்து என்று வந்து நின்றது. இதுவரை வராத இடம்.

கடைசிப் பந்து. போகப் போக வேகம் கூடியது.

“ஏன்டா, பீரோ சாவியைப் பைல போட்டுக்கிட்டு வந்துட்டியா?”

வாசலில் மெக்கானிக்கின் அம்மா நின்றார், கழுத்தில் அளவு நாடாவோடு. சுவருக்கு அந்தப் பக்கத்துத் தையல் கடை அவருடையது. கணவர் காலமானபின் அந்தக் கடையை வைத்துத்தான் மகனை ஆளாக்கினார்.

“இவனைச் சொல்லிக் குத்தமில்லை. உங்க பெட்டி போடற டொக்கு டொக்குல எனக்குத் தையலே கோணிக்கிட்டுப் போகுது” என்றார் முதலாளியைப் பார்த்து.

முதலாளி முழுதாகத் திரும்பினார். “இன்னுமா கேக்குது? உள்ளே பஞ்சு வச்சு அடைச்சேனே. இன்னும் கொஞ்சம் வச்சுப் பாக்கட்டுமா?”

டொக்.

பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. திரையில் பதினொன்று மின்னியது, மெக்கானிக்கின் பக்கத்தில்.

அம்மா சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

“இது செல்லாது. கவனம் கலைஞ்சிடுச்சு” என்றார் முதலாளி.

“வாக்கு வாக்குதான்ப்பா” என்றாள் மகள்.

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த ஆவல் அவரைச் சுட்டது. இத்தனை நாள் கட்டிக் காத்த கோட்டை ஒரு நொடியில் சரிந்துவிட்டது.

“சரி, கேளு” என்றார். “மாட்டேன்னு சொல்லமாட்டேன். ஆனா வச்சுக் காப்பாத்தணும். கண் கலங்க விடக்கூடாது.”

“அந்த வாக்கை நீங்கதான் சார் குடுக்கணும்” என்றான் மெக்கானிக். மாதக்கணக்காய் நெஞ்சுக்குள் ஒத்திகை பார்த்த ஒரே வாக்கியம் ஒருவழியாக வெளியே வந்தது.

“எங்கம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”