வீட்டில் கேட்டுச் சொல்ல வேண்டியது

“வாயை நல்லாத் தொறங்ணா” என்றாள் பல் டாக்டர் பிரவீனா.

லட்சுமணசாமி திறந்தார். கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷமாக இரும்பு கடைகிறவர். கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்துபோக, காந்திபுரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில் இருந்த இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

அந்தப் பெண்ணோ ஒரு பல்லோடு விடவில்லை. டிபன் கேரியரைப் பிரிப்பதுபோல அவர் பிழைப்பையே அடுக்கடுக்காகக் கழற்றி வைத்தாள்.

வலது பக்கம் மட்டும்தான் மெல்லுகிறீர்கள். டீ அதிகம். காய்கறியைக் கண்ணால் பார்ப்பதில்லை போல. ஈறு வீங்கியிருக்கிறது, சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

மூன்று வேளையும் பேக்கரி பன்னும் டீயுமாக ஓட்டுகிற மனுஷன் இதில் எதை மறுப்பது?

கடைசியாகக் கண்ணாடியைக் காட்டினாள். பல்லெல்லாம் அரம் போட்டு ராவியதுபோலத் தேய்ந்து தட்டையாக இருந்தது.

“தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்களான்னு ஊட்டுல கேட்டுட்டு வாங்ணா. கடிக்கிறீங்கன்னா ராத்திரி மாட்டிக்க ஒரு பிளேட் செஞ்சு தாரேன். இல்லீன்னா மிச்சப் பல்லும் இப்படியே ஒடஞ்சுபோயிரும்.”

“கேட்டுச் சொல்றேனுங் அம்மணி” என்று சொல்லிவிட்டார். அக்கறையாகக் கேட்பவர்களிடம் முகத்துக்கு நேராக இல்லையென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

யாரைக் கேட்பது?

மனைவி தெய்வாத்தாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவள் இருந்தவரை இப்படியொன்று கிடையாது. அந்தப் பழக்கம் அப்போதே இருந்திருந்தால் எழுப்பி உட்கார வைத்து வைதிருப்பாள். பிள்ளைகளும் இல்லை. தூங்கும்போது தான் எப்படியிருக்கிறோம் என்று தெரிந்த ஒரு ஜீவன்கூட இந்த ஊரில் இல்லை என்பது, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் உறைத்தது.

அவர் இருப்பது லைன் வீட்டில். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைக் கல் சுவர்தான். பக்கத்து வீட்டு உம்மல் குல்சும், மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகத் துணி தைத்துப் பிழைக்கிறவர். இத்தனை வருஷத்தில் தண்ணீர் வந்ததா, கரண்ட் போனதா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை.

ஒரு பொம்பளையிடம் போய் இதைக் கேட்பதா என்று இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினார். மூன்றாவது முறை தரையைப் பார்த்தபடி கேட்டேவிட்டார்.

தையல் மெஷின் நின்றது.

“அதுங்களா? வருசக் கணக்காக் கேக்குதுங்ணா.”

லட்சுமணசாமி கூசிப்போனார். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்ல வாயெடுப்பதற்குள் குல்சும் தொடர்ந்தார்.

“கேட்டாத்தானுங் எனக்கு நிம்மதி. சத்தமில்லீன்னா கரண்டியில செவுத்தை ரண்டு தட்டுத் தட்டுவனுங். மறுக்காக் கேக்கும். பக்கத்துல ஆளிருக்குதுன்னு அப்புறந்தான் படுப்பேன்.”

லட்சுமணசாமி, ராத்திரி மாட்டிக்கொள்ள டாக்டர் செய்து தருவதாகச் சொன்ன பிளேட் விஷயத்தைச் சொன்னார். குல்சும் கையிலிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அதை மாட்டுனா அப்புறம் சத்தமே வராதுங்களா?”

“டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்றேனுங்” என்றார் லட்சுமணசாமி.